ஒரு போத்தல் லூபின் விதை

எங்கட வீட்டுப் பின்வளவில ஒரு கல்லுக் குவியல் கிடக்குது. ஹவுன்ஸ்லோவில வீடு, வளவெண்டால் பெரிய வளவில்லை, ரெண்டு கார் விடலாம், அவ்வளவுதான். அதில பாதியை இந்தக் கல்லும் மணலும் பிடிச்சுக்கொண்டு நிக்குது. வாற போற ஆக்கள் குசினி ஜன்னலால எட்டிப் பார்த்துப்போட்டு, "அண்ணை, கவுன்சிலுக்கு ஒரு போன் அடிச்சா வந்து அள்ளிக்கொண்டு போவாங்கள்" எண்டு புத்தி சொல்லுவினம். எனக்குச் சுள்ளெண்டு ஏறும். அது குப்பையில்லை. என்ர மகள் சாகிறதுக்கு ரெண்டு மாதத்துக்கு முன்னம், கதிரையில இருந்துகொண்டு என்னைக் கொண்டு கட்டுவிச்ச மலைச்சரிவு அது.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. போகேக்க இருபத்தொன்பது வயது. படிச்சது செடி கொடி. எங்கட சனத்தின்ர பிள்ளையள் டொக்டர், எக்கவுண்டன் எண்டு போய்க்கொண்டிருக்க, இவள் மட்டும் புல்லையும் பூண்டையும் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். கலியாண வீடுகளில ஆரும் "மகள் என்ன செய்யிறா?" எண்டு கேட்டால் நான் "சயன்ஸ்" எண்டு ஒரு சொல்லோட கதையை முடிச்சுப்போடுவன். முழுசாச் சொன்னால் சிரிப்பாங்கள் எண்ட பயம். இப்ப நினைக்க எனக்கு என்னிலயே வெறுப்பு வருது.

அவள் வேலை செய்தது கலிபோர்னியாவில ஒரு மலையில. அங்க லூபின் எண்டு ஒரு செடி. இஞ்ச பூந்தோட்டங்களில நிக்கிற லூபின் இல்லை, இது வேற சாதி, புதரா வளருறது. காய்ஞ்ச மலை. மண்ணெண்டு சொல்ல ஒண்டுமில்லை, காலை வைச்சா உருளுற உடைஞ்ச கல்லு. ஆறேழு மாதத்துக்கு ஒரு சொட்டு மழை விழாது. அந்தக் கல்லுக்குள்ள வேரை விட்டுக்கொண்டு இடுப்பளவு உயரத்தில நிக்குமாம். இலை விரிச்ச கைவிரல் மாதிரி. நிறம் பச்சையில்லை, சாம்பல் பூசின வெள்ளி. இலை முழுக்க மெல்லிய மயிர். அந்த மயிர்தான் வெய்யிலைத் தடுத்து ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறது எண்டு சொன்னாள். வசந்தம் வந்தா மலை முழுக்க ஊதாப் பூ. ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி இருக்காம், அது லூபினை விட்டால் வேற எந்தச் செடியிலயும் முட்டை இடாதாம்.

ஆரோ எப்பவோ வெளியில இருந்து கொண்டுவந்து நட்ட ஒரு மஞ்சள் பூச் செடி மலையெல்லாம் பரவி, இந்தச் சொந்தச் செடியை நெரிச்சுக்கொண்டு வந்தது. அதைப் பிடுங்கி எறிஞ்சு லூபினைத் திரும்பக் கொண்டுவாறதுதான் அவையளின்ர வேலை. நான் போனில சீண்டுவன்.

"எடியே, நாங்களே வெளியில இருந்து வந்த ஆக்கள். நீ அங்க போய் வெளியில இருந்து வந்ததைப் பிடுங்கிறியோ? நாளைக்கு இஞ்ச எங்களைப் பிடுங்க வருவாங்கள்."

"அப்பா, நீங்கள் பக்கத்து வீட்டுக்காரன்ர தண்ணியைக் குடிச்சுத் தீர்க்கேல்லை. அது தீர்க்குது" எண்டாள். வாய்க்கு வாய் தருவாள். தாயிட்டப் படிச்சதில்லை, என்னட்டத்தான்.

விதை எடுக்கிற கதையும் சொன்னாள். கோடை முற்ற, காய் கறுத்து முறுகிக்கொண்டு வருமாம். வெய்யில் உச்சிக்கு ஏற 'டிக்' எண்டு ரெண்டாப் பிளந்து விதையைத் தூர எறியும். மத்தியானத்தில மலை முழுக்க சோளம் பொரியிற சத்தம் கேக்குமாம். அதுக்கு முதலே ஒவ்வொரு குலைக்கும் ஒரு சின்ன வலைப்பை கட்டிவிடவேணும். அவள் ஒரு முழுக்கோடை அப்பிடி வெய்யிலுக்குள்ள முழங்காலில நடந்து பை கட்டித் திரிஞ்சிருக்கிறாள். அங்க வைச்சுத்தான் அவளுக்குக் களைப்பு வரத் தொடங்கினது. வெய்யிலால எண்டு நினைச்சாள். நாங்களும் போனில "தண்ணி குடி, மோர் குடி" எண்டு சொன்னம். ரத்தத்தில வந்த நோய் எண்டு இஞ்ச வந்துதான் தெரிஞ்சது.

வரேக்க ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் கொண்டுவந்தாள். தேவையான பேப்பர் எல்லாம் எடுத்து, முறையாத்தான் கொண்டுவந்தவள். அந்த விஷயத்தில அவள் நேர்மைக்காரி. போத்தல் நிறைய லூபின் விதை. பயறளவு, கபில நிறத்தில புள்ளி புள்ளியா. நான் மூடியைத் திறந்து ரெண்டைக் கையில எடுக்க, "வாயில வைச்சிடாதேங்கோ அப்பா, நஞ்சு. இதைத் திண்டு ஆடு செத்திருக்குது" எண்டாள்.

யூன் மாதம் டொக்டர்மார் இனிச் செய்ய ஏலாதெண்டு கையை விரிச்சுப்போட்டினம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தம். வந்த மற்ற நாளே, "அப்பா, எனக்கு ஒரு மலை வேணும்" எண்டாள். என்ர மனுசி பின்வளவில மிளகாயும் பூசணியும் போட்டிருந்தவ. எல்லாத்தையும் தானே பிடுங்கினா. நான் ஏர்போர்ட்டில பைகள் ஏத்துற வேலைக்கு லீவு போட்டுட்டு, உடைஞ்ச செங்கல்லு, சரளைக்கல்லு, மணல் எண்டு கண்டறியாததெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கொட்டினன். அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில இருந்து, "அந்தக் கல்லை இன்னும் சரிச்சு வையுங்கோ, தண்ணி நிக்கப்படாது" எண்டு மேஸ்திரி வேலை பார்த்தாள். ரெண்டு தரம் பிழையெண்டு இடிச்சுக் கட்டவைச்சாள். எனக்கு ஒருக்கா கோபம் வந்து, "உன்ர மலையும் நீயும்" எண்டு மண் அள்ளுற சவளை எறிஞ்சன். அவள் சிரிச்சாள். அந்தச் சிரிப்பு இண்டைக்கும் காதுக்குள்ள கிடக்குது.

விதை போடுற காலம் கோடை முடியத்தான். தான் இருக்கமாட்டன் எண்டு அவளுக்குத் தெரியும். ஒரு தாளில என்ன செய்யவேணுமெண்டு எழுதித் தந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பழகின கோணல் எழுத்து. விதையை முதலில உரசுதாளில மெல்ல உரசவேணும், தோல் அவ்வளவு கடினம். பிறகு கொதிச்சு ஆறின சுடுதண்ணியில ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போடவேணும். விடிய, கல்லுக்கிடையில அரை விரல் ஆழத்தில வைக்கவேணும். பசளை போடக்கூடாது. "முளைச்சு வந்தா ஒரு படம் எடுத்து அந்த மலைக்கு அனுப்பிவிடுங்கோ" எண்டும் எழுதியிருந்தாள். நான் அவளின்ர கையைப் பிடிச்சு, "நான் முளைக்கப் பண்ணுவன்" எண்டு சொன்னன். ஓகஸ்ட் மாதம் போயிட்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, செப்டம்பரில வந்தது. அண்டைக்கு விடியத்தான் விதை போடுறதெண்டு நான் மனசுக்குள்ள முடிவெடுத்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனுசிக்கும் சொல்லேல்லை. சொன்னால் எல்லாரும் வந்து சுத்தி நிண்டு ஆளுக்கொரு கதை சொல்லுவினம், போட்டோ எடுப்பினம். அவளும் நானும் கட்டின மலை, அவளுக்கும் எனக்கும் இடையில கிடக்கட்டும் எண்டு நினைச்சன். முதல்நாள் பின்னேரம் மேல் அறையில கதவைச் சாத்திக்கொண்டு இருந்து, ஒவ்வொரு விதையா உரசினன். கீழ வந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில போட்டு, சுடுதண்ணி விட்டு, தட்டால மூடி, குசினி மேசையில வைச்சன்.

அட கடவுளே, எங்க கொண்டுபோய் வைச்சனான்! அந்தியேட்டிக்குச் சமைக்கிற வீட்டில, குசினி மேசையில. அங்க ஏற்கனவே வடைக்கு உழுந்து ஊறுது, கடலை ஊறுது, பாயாசத்துக்குப் பயறு ஊறுது. எல்லாத்துக்கும் மேல தட்டு மூடியிருக்குது. அந்த வரிசையில என்ர பிள்ளையின்ர விதையையும் கொண்டுபோய் வைச்சிட்டு, நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி போய்ப் படுத்திட்டன்.

விடிய எழும்பினால், ஐயரின்ர கார் ஸ்டார்ட் வருதில்லை எண்டு போன். விம்பிள்டனுக்குப் போய் அவரை ஏத்திக்கொண்டு வரவேணும். வந்து விதைப்பம், ஒரு மணித்தியாலம் கூட ஊறினால் என்ன எண்டு நினைச்சுக்கொண்டு காரை எடுத்தன். றோட்டில எங்கயோ அக்சிடென்ட். திரும்பி வர ஒன்பதரை தாண்டிட்டுது. வீட்டுக்குள்ள முப்பது நாப்பது சனம். செருப்பு வாசல் தாண்டி றோட்டு மட்டும் கிடக்குது.

இஞ்ச என்ர அக்காவைப் பற்றிச் சொல்லவேணும். என்னிலும் எட்டு வயது மூப்பு. அத்தான் ஊரிலயே செத்துப்போனார், பிள்ளையள் இல்லை. அவவை இஞ்ச கூப்பிட்டது நான்தான். மகள் கைக்குழந்தையா இருக்கேக்க நானும் மனுசியும் மாறி மாறி ஷிப்ட். பிள்ளையை வளர்த்தது அக்காதான். குளிக்க வார்த்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், கூட்டிக்கொண்டு வந்து, பின்னேரத்தில கௌபிப் பயறு அவிச்சுத் தேங்காய்ப்பூ போட்டுக் குடுத்து வளர்த்தவ. மகள் "மாமி, மாமி" எண்டு அவவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சாள். பிறகு அக்கா குட்மேய்ஸ் பக்கம் வீடெடுத்துப் போனாலும், சனிக்கிழமை எண்டால் மகள் அங்கதான்.

அந்தியேட்டிச் சமையலுக்கு அக்கா முதல் ட்ரெயினில வந்திட்டா. கிண்ணத்தைத் திறந்து பார்த்திருக்கிறா. சின்னக் கௌபி. மருமகளுக்கு விருப்பமெண்டு தாய்க்காரி ஊறப்போட்டிருக்கிறா எண்டு நினைச்சு, அவவுக்குக் கண் கலங்கிப்போச்சுதாம். "இதை நான்தான் அவிப்பன், ஒருத்தரும் தொடாதேங்கோ, பிள்ளைக்கு என்ர கைப்பக்குவம்தான் விருப்பம்" எண்டு சொல்லிக்கொண்டு பிரஷர் குக்கரில போட்டிருக்கிறா. மனுசி பிள்ளையின்ர படத்துக்கு முன்னால சுருண்டு கிடந்தவ, அவவுக்கு ஒண்டும் தெரியாது. படையலுக்குச் சமைக்கிறதில ஆரும் உப்புப் பார்க்கிறேல்லை. படைக்க முதல் நாக்கில வைக்கக்கூடாது. அதால அது எவ்வளவு கைப்பெண்டும் ஒருத்தருக்கும் தெரியேல்லை.

நான் ஐயரை உள்ள விட்டிட்டு நேர குசினிக்குப் போனன். கிண்ணம் கழுவிக் கவிட்டுக் கிடக்குது. ஒரு கணம் விளங்கேல்லை. பிறகு ஓடிவந்து படையலைப் பார்த்தன். தலைவாழை இலையில சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, அவளுக்கு விருப்பமான சீஸ் அண்ட் ஆனியன் கிறிஸ்ப்ஸ் பைக்கற்றுக்கூட ஆரோ வைச்சிருந்தினம். அதுக்குப் பக்கத்தில, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிச்சு, மேல தேங்காய்ப்பூ தூவி, ஒரு குவியல். கபில நிறம். புள்ளி புள்ளி.

"ஒருத்தரும் தொடாதேங்கோ!" எண்டு கத்தினன். ஐயர் வைச்ச கையை எடுத்திட்டார். சனம் திகைச்சுப்போய் நிக்குது. "ஆர் இதை அவிச்சது?"

அக்கா ஆவலோட முன்னால வந்தா. நான் பாராட்டப் போறன் எண்டு நினைச்சாவோ என்னவோ. "நான்தான் தம்பி. ஏன், காணாதோ?"

அதுக்குப் பிறகு என்ர வாயில வந்ததெல்லாத்தையும் எழுத ஏலாது. எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது, அது ஊர் அறிஞ்ச விஷயம். "கண் குருடோ உங்களுக்கு? ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்? என்ர பிள்ளை வெய்யிலுக்குள்ள கிடந்து பொறுக்கினதை நஞ்சுக் கறியாக்கி அவளுக்கே வைக்கிறியளோ? இத்தனை சனத்தையும் கொல்லப் பார்த்தியளோ?" எண்டு கேட்டன். எழுபது வயதுப் பெண், நாப்பது சனத்துக்கு முன்னால. "இனி இந்த வீட்டு வாசல் மிதிக்காதேங்கோ" எண்டும் சொன்னன். அக்கா செருப்புக் கும்பலுக்குள்ள தன்ர செருப்பைத் தேடி எடுக்கக் கனநேரம் பிடிச்சது. ஒருத்தரும் குனிஞ்சு உதவேல்லை.

சனம் போனாப்பிறகு நான் அவ்வளவு விதையையும் வடிதட்டில போட்டு, எண்ணெயும் தேங்காயும் போகக் கழுவினன். மகள் ஒருக்கா சொன்னவள், அந்த மலையில காட்டுத்தீ வந்து போனாப்பிறகுதான் கனக்க விதை முளைக்கும், சூட்டில தோல் வெடிக்கும் எண்டு. அதைப் பிடிச்சுக்கொண்டன். விசரன்தானே! குக்கரில மூண்டு விசில் வந்த விதை. விரலால அமத்த மாவா நசியுது. அதைக் கொண்டுபோய் கல்லுக்கிடையில அரை விரல் ஆழத்தில வைச்சன். மனுசி வெளியில வந்து பார்த்தா. பேந்து சீலையை முழங்காலுக்கு இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில குந்தியிருந்து, மிச்சத்தை அவ வைச்சா.

மழைக்காலம் போச்சு, பனி போச்சு. மார்ச்சில ஒரு பச்சை முளை கண்டு மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினன். நாலு நாளில அது வெறும் களை எண்டு தெரிஞ்சது. பிடுங்க மனம் வரேல்லை, மனுசிதான் பிடுங்கினா. வேற ஒண்டும் வரேல்லை. மலையில அவளோட வேலை செய்த பொம்பிளை ஒருத்திக்கு விஷயம் எப்பிடியோ எட்டி, ஈமெயில் போட்டிருந்தா. இந்த வருஷம் சரிவு முழுக்கப் பூத்திருக்குது, விதைக்குக் குறையில்லை, எவ்வளவு வேணுமெண்டாலும் முறைப்படி அனுப்பிவிடுறம் எண்டு. படமும் வைச்சிருந்தா. வெள்ளி இலையும் ஊதாப் பூவுமா மலை பிள்ளை சொன்னமாதிரியே நிண்டது. நான் கனநாள் கழிச்சு, வேண்டாம், நன்றி எண்டு எழுதினன். எனக்குச் செடி எதுக்கு? அவளின்ர விரல் பட்ட விதை வேணும். அது எந்த மலையிலயும் இல்லை.

இனி மறைச்சு வைச்சதைச் சொல்லுறன். மகள் தந்த தாளில இன்னொரு வசனம் இருந்தது. கடைசி வசனம். "அப்பா, எல்லாத்தையும் ஒரே தரத்தில போடாதேங்கோ. பாதியைப் போத்தலுக்குள்ள வையுங்கோ. முதல் தரம் சரிவராமலும் போகலாம்." இதை நான் விதை உரசின அண்டைக்குப் பின்னேரமும் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டுத்தான் போத்தலைக் கவிட்டு முழுசையும் கொட்டினனான். எனக்குப் பாதி காணாது. மலை முழுக்க அவளா நிக்கவேணும், ஒரு கல்லுக்கூட வெறுமையா இருக்கக்கூடாது எண்ட ஆசை. அவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. பாதியை வைச்சிருந்தால் இண்டைக்கு என்ர பிள்ளையின்ர செடி அந்தக் கல்லில நிண்டிருக்கும்.

ஒண்டரை வருஷம் இந்தத் தாளைப் பர்ஸுக்குள்ள வைச்சுக்கொண்டு, அக்காதான் எல்லாத்தையும் அழிச்சவ எண்டு ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிஞ்சன். கலியாண வீட்டில அவ இருந்த பக்கம் போகேல்லை. போன மாதம் மனுசி பர்ஸில ஏதோ தேடேக்க தாள் அவவின்ர கையில ஆப்பிட்டிட்டுது. வாசிச்சா. திட்டுவா எண்டு பார்த்தன். "சட்டையைப் போடுங்கோ, மச்சாளிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" எண்டு மட்டும்தான் சொன்னா.

மூண்டு ட்ரெயின் மாறிக் குட்மேய்ஸுக்குப் போனன். அக்கா கதவைத் திறந்தா. ஆள் பாதியாய்ப் போயிட்டா. "வா தம்பி" எண்டா. என்னை இருத்திப்போட்டு, கேக்காமலே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. நான் தாளை எடுத்து நீட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தா விரல் வைச்சு வாசிச்சா. கடைசி வசனத்தில விரல் நிண்டது.

"எப்பயடா உனக்கு இது தெரியும்?"

"அண்டைக்கே தெரியும் அக்கா. வாசிச்சுப்போட்டுத்தான் ஊறப்போட்டனான்."

அவ எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தா. சீலையளுக்கு அடியில இருந்து ஒரு படத்தை எடுத்தா. மகள் பள்ளிக்கூட யூனிபோமோட, முன்பல்லு ரெண்டும் இல்லாமல் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம். அந்த வீட்டுச் சுவரில வருஷக்கணக்காத் தொங்கினது.

"அண்டைக்கு உங்கட வீட்டில இருந்து வந்து இதைக் கழட்டி உள்ள வைச்சனான்" எண்டா. "ஒரு நாளும் விளக்குக் கொளுத்தேல்லையடா. என்ர கையால நஞ்சை அவிச்சு அவளுக்குப் படைச்சவள் நான், எனக்கு அவளின்ர முகத்தைப் பார்க்க என்ன உரிமை எண்டு இருந்திட்டன். திவசத்துக்கும் கொளுத்தேல்லை. அழுகை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு போய்ப் படுத்திடுவன். பிள்ளைக்கே நஞ்சு வைச்சவளுக்கு அழுகை என்ன கேடெண்டு."

படத்தைச் சீலைத் தலைப்பால துடைச்சா. துடைக்கத் துடைக்க அவவுக்கு அடக்க ஏலாமல் போச்சுது. ஒண்டரை வருஷத்து அழுகை. நான் பெத்த பிள்ளைக்கு நான்கூட அப்பிடி அழுததில்லை. தேத்தண்ணி மேசையில ஆறிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேக்கவெண்டுதான் அவ்வளவு தூரம் போனனான். கேக்கேல்லை. கேட்டிருந்தால் அக்கா உடன தந்திருப்பா, அதை வாங்க எனக்கு முகம் இல்லை.